கரண்டை வடிகட்டிய கதை

கூர்மையான காது உள்ளவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தனக்குக் கூர்மையான காது இருப்பதாக நம்புகிறவர்களால்தான் குடும்பம் அவதிப்படும். பாசிர் ரிஸ் வட்டாரத்து அடுக்குமாடியில் இருந்த எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ரகம் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாக ஓர் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கினேன். பாட்டு அருமையாகத்தான் கேட்டது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மெல்லியதாக ஒரு 'ஙொய்ங்'. அம்மாவைக் கேட்டால், "புதுசா ஒண்ணும் கேக்கலையே" என்றார். தம்பி கதிர், "தெரியலக்கா" என்று தோளைக் குலுக்கினான். நான் இணையத்துக்குள் நுழைந்தேன். (வயிற்று வலிக்கு அங்கே மருந்து தேடுவதைவிட ஆபத்தானது, ஸ்பீக்கருக்குத் தேடுவது.) வீட்டுக்கு வரும் கரண்டே அழுக்காம். பவர் கண்டிஷனர் என்றொரு பெட்டி அதை வடிகட்டிக் கொடுக்குமாம். முகம் தெரியாத பல பேர் சத்தியம் செய்தார்கள்.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒன்றை எடுத்து வைத்தார்.

"உங்க செட்டுக்கு இது போதும்லா."

போதுமா? என் காதைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? கண்ணாடி அலமாரியில் நீல விளக்கோடு மினுங்கிய கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். அவர் உடனே பில் போட்டார். (நல்ல வியாபாரி.) அம்மிக்கல் கனத்தில் இருந்த அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போய், அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்க முடிந்தது.

மாட்டிக் கேட்டேன். சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவு கனத்துக்குக் குறையாமல் என்ன செய்யும்!

அந்த வாரம்தான் மாலதியின் அப்பா ராமலிங்கம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். மாலதியும் கதிரும் காதலித்தார்கள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அதிகம் பேசாத மனிதர், நாகஸ்வரம் என்றால் உயிர் என்று மாலதி சொல்லியிருந்தாள்.

"கவலைப்படாதடா. என் செட்டைக் கேட்டார்னா சம்மதிச்சிடுவார்" என்றேன். கதிர் முகத்தில் தெரிந்தது நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

ராமலிங்கம் அங்கிளை ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன்.

"அங்கிள், இப்ப நீங்க கேக்கப்போறது சுத்தமான கரண்ட்ல வர்ற நாகஸ்வரம்."

"ம்" என்றார்.

இசை எழுந்தது. அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் கதிரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அந்த நேரம் பார்த்து அம்மா, தண்ணீர் நிரம்பிய பழைய மின்கெட்டிலோடு ஹாலுக்கு வந்தார்.

"அடுப்படியில பிளக் காலி இல்லடி. இதுலதான் நல்ல கரண்ட் வருதே" என்று என் கறுப்புப் பெட்டியில் சொருகினார்.

டப்!

நாகஸ்வரம், விசிறி, ஏர்கான், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. வீடே அமைதி. அந்த அமைதியில், தெள்ளத் தெளிவாக, 'ஙொய்ங்'.

அங்கிள் கண்ணைத் திறந்தார். "கரண்ட்தான் போயிடுச்சே. இது என்ன சத்தம்?"

எழுந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு அதன் பின்னால் இருந்த சுவரில் வைத்தார். "செவுத்துக்குள்ளேருந்துல்ல வருது!"

"அதுவா? பக்கத்து வீட்டு மீன்தொட்டி மோட்டார். ரொம்ப வருசமா ஓடுது" என்றார் அம்மா. "நீ இதையாடி இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருந்தே?"

செட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நிமிடம் நானும் சுவருக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

கதிர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டான். மறுபடி டப். (கெட்டிலை யாரும் பிடுங்கவில்லை.) ஒருவழியாக கரண்ட் வந்தபோது அங்கிளின் நாற்காலி காலி.

"அக்கா! கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்!" கதிர் செருப்பைத் தேடினான். என் பெட்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இருவரும் வெளியே ஓடினோம். பக்கத்து வீட்டு டான் அங்கிளின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் நீளத் தொட்டி. அதில் சிவப்பு அரவானா மீன் ஒன்று ராஜா மாதிரி திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ராமலிங்கம் அங்கிள் வேர்வை வழிய, ஒவ்வொரு இறாலாகப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பார் என்று மாலதிகூடச் சொல்லியதில்லை.

திரும்பி வந்து டீயைக் குடித்தார். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட விசாரிச்சேன். கதிரைக் குழந்தையிலேருந்து தெரியுமாம். தங்கமான பையன்னார். நாள் பார்த்துடலாம்."

மீதி நாகஸ்வரத்தை அவர் கேட்கவே இல்லை.

இன்றும் விசேஷங்களில் யாராவது அவரிடம், "மாப்பிள்ளை வீட்ல எதைப் பார்த்துப் பொண்ணு கொடுத்தீங்க?" என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"பக்கத்து வீட்டு மீனை."