வால்வுக்காரர் பார்த்த பனிமலை

சொட்டுகிற குழாயை மூடாமல் தாண்டிப் போகத் தெரியாத ஒரே ஆள் இந்த உலகத்திலேயே எங்கள் வால்வுக்காரர்தான். பாதி உலகம் பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

கோவில்பட்டியில் எங்கள் பகுதிக்குக் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தத் தெருவுக்குப் போதும், அடுத்த தெருவுக்கு விடு என்று ஆயுசு முழுக்க வால்வைத் திருகித் தண்ணீரைப் பங்கு வைத்தவர். வேலை முடிந்தது, கை நிற்கவில்லை. ஒருமுறை எட்டயபுரத்தில் முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய்க் கொல்லைக் குழாயை மூடினார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மண்டபமே மேடையைப் பார்த்தது. இவர் கை கழுவும் இடத்தில் வரிசையாகக் குழாய்களைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அட்சதை போடலையாவே?" என்றேன். ஈரக் கையைக் காட்டினார்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. தீப்பெட்டி லோடு போகும் லாரியில் கிளீனராகத் தொற்றியவன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் காஷ்மீர் வரை போகின்றன. மகன் சுவிட்சர்லாந்தில் இஞ்சினியர். கோடை விடுமுறைக்கு அங்கே ஒரு மலைக்கிராமத்தில் தங்கலாம், பக்கத்திலேயே பனிமலை என்று கூப்பிட்டான். வீட்டம்மா விமானம் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். உடனே வால்வுக்காரரைக் கிளப்பினேன். அதற்குக் காரணம் உண்டு. ஊரில் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். வால்வுக்காரர் வாயில் பொய்யே வராது என்பது ஊருக்கே தெரியும். பனிமலையில் நான் நின்றேன் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

விமான நிலையத்தில் அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு ஸ்பானரைப் பிடுங்கினார்கள். சட்டைப் பையிலிருந்த, குழாய்க்குப் போடும் ரப்பர் வாசர்களை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மகன் சொன்ன மலைக்கிராமத்துக்குள் கார் விடமாட்டார்களாம். பல் சக்கரம் வைத்த ரயிலில் ஏறிப் போய் இறங்கினோம். குதிரை வண்டி உண்டு, பேட்டரி வண்டி உண்டு, வேறு சக்கரம் கிடையாது. லாரியால் பிழைத்தவன் நான், ஹாரன் சத்தமில்லாத ஊரில் காதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டேன். அந்த அமைதியில் கேட்ட ஒரே சத்தம் தண்ணீர். தெருவுக்குத் தெரு மரத்தைக் குடைந்த ஒரு தொட்டி, அதில் ஓர் இரும்புக் குழாய், அதிலிருந்து கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. குடம் வைத்துப் பிடிக்க ஒரு ஆள் இல்லை.

வால்வுக்காரர் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, எவனோ தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்."

"விடும்வே. லீவுக்கு வந்திருக்கோம்."

"தண்ணிக்கு ஏது லீவு?"

தொட்டியைச் சுற்றி வந்தார், அடியில் கையை விட்டுத் துழாவினார். வால்வு அகப்படவில்லை. அடுத்த தெருவிலும் அதே கதை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று; கண் இரண்டும் மிளகாய்ப்பழம் போல ஆகிவிட்டன.

"கண்ண மூடுனா காதுக்குள்ள தண்ணி ஓடுது. நம்மூருன்னா பஸ்ஸு, லாரி சத்தத்துல அமுங்கிரும். இங்கன அதுவுமில்ல" என்றார்.

ஒரு காலையில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் துண்டைச் சுருட்டிக் குழாய் வாய்க்குள் அடைத்துவிட்டார். தண்ணீர் சும்மா இருக்குமா? பீய்ச்சியடித்ததில், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த விடுதிக்காரம்மா தலையோடு நனைந்துபோனாள். மகன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டான். அந்தம்மா துண்டைப் பிழிந்து கையில் கொடுத்து ஏதோ சொன்னாள்.

"இதுக்கு வால்வே கிடையாதாம் மாமா. அவங்க தாத்தா காலத்துல இருந்து நிறுத்துனதே இல்லையாம்" என்றான் மகன்.

சாமியே இல்லாத ஊருக்கு வந்துவிட்டது போல வால்வுக்காரர் விழித்தார். "வால்வு இல்லாத ஊர்ல எனக்கு என்ன வேல? நாளைக்கு என்னைய ரயிலேத்தி விடுங்க. நான் ஊருக்குப் போறேன்."

பனிமலைக்கு இன்னும் போகவேயில்லை. சாட்சி கிளம்பிவிட்டால் யார் என்னை நம்புவார்கள்? சாட்சியை விடுங்கள், அவர் இல்லாமல் எனக்கு அங்கே பேச்சுத்துணை யார்?

"போறதுன்னா போம்வே. அதுக்கு முன்ன, மேல இருந்து இதத் தொறந்து விடுத ஆப்பரேட்டரப் பாத்து நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டுப் போமேன்."

அவர் முகம் மாறியது. "எங்கன இருக்கான்?"

"மலை உச்சியில."

மறுநாள் ரயிலில் வழி முழுக்க அந்த ஆப்பரேட்டரைத் திட்ட ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "சம்பளம் வாங்குதீரா, சாணி அள்ளுதீரா?" என்று தொடங்குவதாக ஏற்பாடு.

மேலே போய் இறங்கினோம். எங்கள் கரிசல் காட்டில் கண் போகும் தூரமெல்லாம் கறுப்பு. இங்கே கண் போகும் தூரமெல்லாம் வெள்ளை. நூறு கண்மாய்கள் எழுந்து நின்று, நின்றபடியே உறைந்துபோனது மாதிரி இருந்தது. எதையும் கூட்டிச் சொல்கிறவன் நான். இதில் கூட்டுவதற்கு இடமே இல்லை.

வால்வுக்காரர் பனியின் ஓரத்துக்குப் போனார். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து, கீழே சிறு ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவர் வலது கை நீண்டது. பாதியில் நின்றது. அண்ணாந்து மேலே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பினார்.

பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "ஆப்பரேட்டரப் பாத்தீராவே?"

"பாத்தேன்."

"கேட்டீரா?"

"இவியள நாம கேக்க முடியாது அண்ணாச்சி."

கீழே வந்ததும் நேரே தொட்டிக்குப் போய் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். பக்கத்து பெஞ்சில் சாய்ந்தார். கார் இல்லாத அந்த ஊரில் அன்று மத்தியானம் எங்கள் லாரி ஒன்று மேடேறுகிற சத்தம் கேட்டது, வால்வுக்காரரின் குறட்டை. ஊருக்குப் போகிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் டீக்கடையில் எடுத்துவிட்டேன்: கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரைக்கும் உள்ள தூரத்துக்கு ஒரே பனிக்கட்டி, உயரம் கழுத்து வலிக்கும் என்று. கடைக்காரர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, "நெசமாவா வால்வுக்காரரே?" என்றார்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி கொறச்சுச் சொல்லுதாரு."

என் ஆயுளில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அங்கன அவிய தொறந்து விடுதாவ. இங்கன நாமதான் மூடணும்" என்று சொல்லிக்கொண்டு இப்போதும் தெருத் தெருவாகப் போகிறார். என் வீட்டு முற்றத்துக் குழாய் சொட்டுகிறது. தினமும் காலையில் வந்து, என்னை வைதுகொண்டே வாசரைச் சரி செய்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் மெல்ல எழுந்து போய் அதைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கிறேன்.