வயதைக் கூட்டிக் கேட்டவர்

பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைத் திருத்த விரும்பும் ஊழியர், வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதன்பின் வரும் மனு ஏற்கப்படமாட்டாது. விதி இவ்வளவுதான். வயதைக் குறைத்துக்கொண்டு நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கப் பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி. தன் வயதைக் கூட்டித் தரச் சொல்லி ஒருவர் மனுப் போடுவார் என்று அதை எழுதிய மகானுபாவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். பாரத தேசத்திலேயே அப்படிப் போட்ட ஒரே ஆள், எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேனி வருவாய்த்துறை அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தவர். அந்த மனுவை அன்றைய மாவட்டத் தலைமையிடமான மதுரைக்கு அனுப்பிய பாவி, தலைமை எழுத்தனான நான்.

அவரை எல்லோரும் ‘வயசுக்காரர்’ என்போம். எந்தப் புத்தி சொன்னாலும், அது தனக்கு வந்த வயதையும் சேர்த்தே சொல்வார், சட்டப் புத்தகத்தில் பிரிவு எண் போல. மாமனார் வீட்டில் மரியாதைக்குப் ‘போதும்’ என்றால் நிஜமாகவே சோறு போடமாட்டார்கள் என்பது இருபத்து நான்கு. கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒட்டலாம், தபாலில் போடக் கூடாது என்பது முப்பத்தெட்டு. நம் பக்கம் நியாயம் இருந்தால் மெதுவாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் டீ குடிக்கப் போய்விட வேண்டும் என்பது நாற்பத்தாறு. கம்பம் பஸ்ஸில் சன்னல் சீட்டுக்கு மல்லுக்கட்டி ஜெயித்து, சின்னமனூர் வரை மழையில் நனைந்துகொண்டே போனது ஐம்பத்தொன்று. அதில் என்ன பாடம் என்று கேட்டேன். “சண்டைக்கு முன்னாடி ஷட்டர் எறங்குதானு பாக்கணும் சார்.”

சிக்கல் என்னவென்றால், அவர் எண்ணி வைத்திருந்த வயதும் பதிவேட்டில் இருந்த வயதும் ஒன்றல்ல.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேரப் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. வயசுக்காரருக்குக் கை குட்டை, தலை பெரிது. வருஷா வருஷம் போய்த் திரும்பினார். ஒன்பதாவது வயதில்தான் காது மடலின் நுனி ஒருவழியாக விரலுக்கு அகப்பட்டது. வாத்தியார் விதி பிசகாமல் ‘வயது ஐந்து’ என்று எழுதிக்கொண்டார். இரண்டு வயது இளைய தம்பியோ நீளக் கைக்காரர். முந்தின வருஷமே காதைத் தொட்டு, ஐந்து வயதுக்காரராக உள்ளே போய்விட்டார். ஆக, சர்க்கார் கணக்கில் தம்பி ஒரு வயது மூத்தவர்.

இருவரும் எங்கள் அலுவலகத்திலேயே வேலைக்கு வந்ததுதான் விதியின் விளையாட்டு. பதிவேட்டைப் பார்த்தவர்கள் தம்பியைப் ‘பெரியவர்’ என்றார்கள். அண்ணனைச் ‘சின்னவர்’ என்றார்கள். வயசுக்காரர் அதையும் பொறுத்துக்கொண்டார். தம்பி ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில்தான் வந்தது வினை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, தம்பியையே அண்ணன் என்று எண்ணிக்கொண்டு, ‘அண்ணனின்’ முதிர்ச்சியைப் பார்த்துச் சின்னவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தம்பி, தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலை மனு என் மேசையில் இருந்தது.

காலக்கெடு முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது என்றேன். நீர் சொல்வது நிஜமானால் மூன்று வருஷத்துக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், இதைக் கிளப்பினால் இருக்கிற ஒரு வருஷமும் போய்விடும் என்று பயமுறுத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“சீட்டுப் போனாப் போகட்டும் சார். நாலு வருசம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கேன். அது நடக்கவே இல்லேனு சர்க்காரு எழுதி வச்சிருக்காக. எந்த நாலு வருசத்துப் புத்தியத் திருப்பிக் குடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

ஓரத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதினேன். மனுவை அனுப்பிவைத்தேன்.

மதுரையிலிருந்து முதல் குறிப்பு வந்தது. மனுதாரர் சொல்வது உண்மையானால் அவர் இப்போது பணியில் இல்லை; பணியில் இல்லாதவரின் மனுவைத் தலைமை எழுத்தர் எவ்வாறு பரிந்துரைத்தார்? அவர் இன்று காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதை நேரில் கண்டேன் என்று பதில் எழுதினேன். அடுத்து மருத்துவச் சான்று கேட்டார்கள். டாக்டர் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில்’ என்று எழுதிக் கொடுத்தார். வயசுக்காரர் அந்தக் காகிதத்தை அலுவலகம் முழுக்கக் காட்டினார். “எழுபதுன்னே போட்டிருக்காக பாத்தீகளா?”

மூன்றாவது குறிப்புதான் சிகரம். கை குட்டை என்பதற்கு ஆதாரம் என்ன? நேரில் சோதித்து அறிக்கை அனுப்புக.

சோதித்தோம். வயசுக்காரர் நடுக்கூடத்தில் நின்று, தலைக்கு மேலாகக் கையை வளைத்தார். ஒன்பது வயதில் எட்டிய காது இப்போது எட்டவில்லை. தோள் இறுகிவிட்டிருந்தது, ஒரு விரற்கடை பாக்கி. இது எல்லோருக்கும் வருவதுதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம். தானும் கையைத் தூக்கினார். அதிகாரி தூக்கினால் நாங்கள் சும்மா இருப்போமா? டைப்பிஸ்ட், டவாலி, நான், எல்லோரும் தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்நேரம் கடமலைக்குண்டிலிருந்து பட்டா விஷயமாக ஒரு விவசாயி வந்தார். வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் ஒரு கையைத் தூக்கினார்.

“எந்தக் காதுங்கய்யா?” என்று கேட்டார்.

அறிக்கை போயிற்று. மதுரை வாய் திறக்கவில்லை. வயசுக்காரர் பதிவேட்டுக் கணக்கில் ஐம்பத்தெட்டும் சொந்தக் கணக்கில் அறுபத்திரண்டும் முடிந்து, மார்கழியில் ஓய்வு பெற்றுச் சின்னமனூர் போய்ச் சேர்ந்தார். அவருடைய விழாவில் வயதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பயம்தான்.

பொங்கல் கழிந்து அலுவலகம் திறந்த திங்கட்கிழமை மதுரையிலிருந்து வந்த பதிலில் இரண்டே வரிகள். ‘மனுதாரர் தம் தம்பியைவிட மூத்தவர் என்பதில் இவ்வலுவலகத்துக்கு ஐயமில்லை. எனினும், காலக்கெடு கடந்துவிட்டமையால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

முறைப்படி இதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வைக்க வேண்டும். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சின்னமனூர் பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டிலிருந்து தம்பியையும் வரவழைத்து, இருவரையும் உட்காரவைத்து, முதல் வரியை மட்டும் உரக்கப் படித்தேன். வயசுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னொருக்கா படிங்க சார், அண்ணனுக்குச் சரியாக் கேக்கல” என்றார் தம்பி.

இரண்டாவது வரியை நான் இன்றுவரை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.