வாசலில் நின்றபடியே திண்டுக்கல் தாண்டினோம்

ஒரு வீட்டில் ஒரே ஒருவன் மட்டும் படித்திருப்பது ஆபத்து. அவனுக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள்தான் பாவம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையைப் படிப்பதில் தொடங்கி மிக்ஸி ஏன் ஓடவில்லை என்று சொல்வது வரை எல்லா இலாகாவும் என் கையில் இருந்தது. எதிர்க்கட்சி கிடையாது. பரவை மார்க்கெட்டில் வெங்காய வியாபாரம் செய்யும் அப்பா, லாரி லாரியாக வரும் சரக்குக்கு வாயாலேயே விலை பேசி முடிப்பவர், நான் பேச ஆரம்பித்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்வார். "படிச்ச பய சொல்றான், ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்பார். (பெரும்பாலும் இருக்காது.)

கொரோனா வந்தது. என் ஆட்சி உச்சத்துக்குப் போனது. கடையிலிருந்து வரும் காய்கறியை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னேன். வெங்காயத்தையும். அன்றைய சாம்பாரில் நுரை வந்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெங்காயத்துக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டுற வீடு மருதையிலேயே நம்ம வீடுதான்டா" என்றார். அவர் சொன்னதில் பெருமையும் இருந்ததாக அப்போது நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குக் காது குத்தும் பேச்சு வந்தது. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் ஆகி, அக்கா ஐந்து மாதக் குழந்தையோடு ஓசூருக்குப் போன கொஞ்ச நாளில் ஊரடங்கு. அதன் பிறகு அம்மா பேத்தியைப் பார்த்ததெல்லாம் என் போனில்தான். பதினோராம் மாதம் காது குத்தியாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அக்காவுக்கு இருக்கும் ஒரே தம்பி நான். ஆகவே என் மடி ஓசூர் போயாக வேண்டும்.

"நீ போகலேன்னா யாராச்சும் ஒன்னுவிட்ட பயல மடியில வச்சிருவாகடா" என்று அம்மா தினமும் புலம்பினார். "என் மகளுக்குத் தம்பி இல்லாத மாதிரி ஆயிரும். நாளைப்பின்ன இதச் சொல்லிக் காட்டுவாக."

எப்படிப் போவது? பஸ் இல்லை. ரயில் இல்லை. வாடகைக் கார் எடுக்கலாம். ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு வயது. வழியில் டீக்கடை, சாப்பாட்டுக்கடை, கழிப்பறை என்று ஒவ்வொரு இடத்திலும் எமன் உட்கார்ந்திருப்பதாக நான் நம்பினேன். இரவு பகலாகப் படித்தேன். அமெரிக்கக்காரர்கள் ஆர்.வி. என்று ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள்; உள்ளேயே அடுப்பு, கட்டில், கழிப்பறை; யாரையும் தொடாமல் நாடு முழுக்கச் சுற்றலாம் என்று தெரிந்துகொண்டேன். படத்தைக் காட்டினேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சர்க்கஸ்காரன் வண்டி மாதிரில்ல இருக்கு."

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "அடுப்பும் கக்கூசும் ஒரே ரூம்லயா?"

"நடுவுல கதவு இருக்கும்மா."

"கதவு இருந்தா? ஒருத்தரு உள்ள இருக்கையில நான் வெளிய தோசை சுடணுமா?"

இதற்கு எந்த வெப்சைட்டிலும் பதில் இல்லை.

நிஜ ஆர்.வி.க்கு மதுரையில் எங்கே போவது? என் நண்பன் கார்த்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். பள்ளிக்கூடமே இல்லாததால் மஞ்சள் வேன் மூன்று தெரு தள்ளி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போ மாப்ள, நின்னு நின்னு பேட்டரி சாகுது" என்றான். பின் சீட்டுகளைக் கழற்றினோம். பாய் விரித்தோம். ஒற்றை அடுப்பு வைத்தோம். சன்னல்களுக்கு அம்மாவின் பழைய சேலைகளும் அப்பாவின் வெங்காயச் சாக்குகளும் திரையாயின. கடைசி மூலையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அதைச் சுற்றி ஒரு போர்வை. அந்த வாளியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. யாரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கார்த்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஓசூர் வரைக்கும் தாங்குவீங்களாடா?" என்றான். நியாயமான கேள்வி. வேறு யாராக இருந்தாலும் அதோடு ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா? ஒத்திகை பார்த்து, அனுபவப்பூர்வமாக முடிவெடுப்போம் என்றேன்.

திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சாயங்காலம் வரை, எங்கள் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, நாங்கள் மூவரும் அதற்குள் வாழ்வது. வண்டி நகராது. ஆனால் நகர்வதாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் போகக் கூடாது, ஏனென்றால் வழியில் நமக்கு வீடு கிடையாது. வெளியாட்களிடம் பேசக் கூடாது. சன்னலைத் திறக்கக் கூடாது. மணி பார்த்து எந்த ஊர் வந்திருக்கிறோம் என்று நான் அறிவிப்பேன்.

ஏறி உட்கார்ந்து கால் மணி நேரத்தில், "பரவை" என்றேன்.

"கடைய ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டா?" என்றார் அப்பா. முறைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியது. மூடிய வேன் இட்லிக் கொப்பரை ஆனது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். அப்பா நெளிய ஆரம்பித்தார். மூலையில் இருந்த வாளியை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்ப எந்த ஊருடா?"

"வாடிப்பட்டிப்பா."

"வாடிப்பட்டியா? அங்க நமக்குத் தெரிஞ்ச ஏவாரி ஒருத்தன் இருக்கான். அவன் வீட்டுல போயிட்டு வந்துர்றேன்" என்று கதவைத் திறந்து இறங்கி, நேராக எங்கள் வீட்டுக்குள் போய், சாவகாசமாக முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "நல்ல மனுசன். காப்பி குடிக்கச் சொன்னான், நான்தான் நேரமாச்சுன்னு வந்துட்டேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. அன்று அது நகர்ந்தது அந்த அளவுக்குத்தான்.

எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா வெயிலுக்கு வாசலில் தண்ணீர் தெளிக்க வந்தவர், திரை இடுக்கில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னடி பார்வதி, சொந்த வீட்டு வாசல்ல வேனுக்குள்ள உக்காந்திருக்க?"

அம்மா வாயைத் திறந்தார். நான் விரலை உயர்த்தினேன். விதி விதிதான். அம்மா முகக்கவசத்தைத் தொட்டுக் காட்டி, 'கிட்ட வராதே' என்று கையை ஆட்டினார்.

பஞ்சவர்ணம் அக்காவின் கையிலிருந்த வாளி அங்கேயே விழுந்தது. "ஆத்தாடி!" அவர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. பிறகு வரிசையாகத் தெருமுனை வரைக்கும். (தெருவாருக்குச் சுகாதார விழிப்புணர்வு வந்துவிட்டதென்று நான் மகிழ்ந்தேன்.)

"திண்டுக்கல் தாண்டியாச்சு. சமைக்கலாம்மா" என்றேன்.

அம்மா ரசம் வைத்தார். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டு, நான்கு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டார். வீட்டில் அடுப்படிக்குச் சன்னல் உண்டு, புகைக்கூண்டு உண்டு. இங்கே சன்னல் எல்லாம் என் உத்தரவின்படி மூடியிருந்தது. மிளகாய் நெடி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போக வழியில்லாமல் எங்கள் மூக்கைத் தேர்ந்தெடுத்தது. முதலில் அம்மா இருமினார். அடுத்து நான். அப்பா இருமிய இருமலில் சாக்குத் திரை ஒன்று கழன்று விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு மூவரும் தெருவில் குதித்தோம். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, விடாத இருமல்.

நிமிர்ந்து பார்த்தால், வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வரும் சுகாதாரப் பணிப் பெண்கள் இரண்டு பேர் எதிரே நின்றார்கள். பஞ்சவர்ணம் அக்கா போன் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஒருவர் துப்பாக்கி மாதிரிக் கருவியை அப்பாவின் நெற்றிக்கு நீட்டினார். வெந்த வேனிலிருந்து இறங்கிய நெற்றி. கருவி கத்தியது.

"எத்தன நாளா இருமலு?"

"இப்பத்தாம்மா" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

"எங்கேருந்து வாறீக?"

இங்கேதான் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இருமல் நிற்கவில்லை. காலையிலிருந்து மகன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தியவானாகச் சொன்னார்:

"இப்பத்தான் திண்டுக்கல் தாண்டுனோம்."

கருவி பிடித்திருந்த பெண் ஒரு அடி பின்னால் போனார். "வெளி மாவட்டமா? இ-பாஸ் இருக்கா?"

"இன்னும் அப்ளை பண்ணல" என்றேன். அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ விளக்கினேன். ஆர்.வி. என்றேன், அமெரிக்கா என்றேன். "அமெரிக்காவுலருந்தா?" என்று அவர் இன்னும் ஒரு அடி பின்னால் போனதும் வாயை மூடிக்கொண்டேன்.

மதியத்துக்குள் மூவர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருமுனையைத் தகரம் அடித்து மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை. கறி எடுக்கப் போன பஞ்சவர்ணம் அக்காவின் வீட்டுக்காரர் தகரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். கறிப் பை தகரத்துக்கு மேலே ஏறி உள்ளே வந்தது, அவர் வரவில்லை. தகரம் எடுக்கும்வரை தம்பி வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தார். அந்தத் தெருவில் என்னைக் கண்டால் இன்றும் மனம் நிறைந்து சிரிப்பவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா திட்டாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த கம்மலை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். காது குத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முடிவு வந்தபாடில்லை. கடைசியில் நானே அக்காவுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, "வேற யார் மடியிலயாச்சும் வச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுடா" என்றாள். "உன் மடி இல்லேன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேணாம். அங்க வச்சே குத்துவோம், நான் வாரேன்."

நான் வாரக்கணக்காக ஆராய்ந்த கேள்விக்கு மச்சான் டீ ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டார். அதற்குள் பாஸ் கெடுபிடியும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. சாதாரணக் கார். ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. வழியில் ஒரு புளியமரத்தடி. அவ்வளவுதான். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் எங்களுக்குக் கொரோனா 'இல்லை' என்று முடிவு வந்து, தகரத்தையும் பிரித்துவிட்டார்கள்.

ஸ்டிக்கரைப் பிரிக்க மட்டும் யாரும் வரவில்லை. நாங்களே சுரண்டக் கூடாது என்று சட்டம் பேசியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காரை விட்டு இறங்கிய அக்காவின் மாமியார் கதவைப் பார்த்தார். "ஸ்டிக்கரு ஒட்டுன வீட்டுக்குள்ள பிள்ளையக் கொண்டு போக மாட்டேன்."

"கொரோனா இல்லைன்னு ரிசல்ட் வந்துருச்சு அத்தை" என்று போனைக் காட்டினேன்.

"போனு சொல்லுது. கதவு வேற சொல்லுதுல்ல?"

கோயில்கள் பூட்டியிருந்தன. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்த வந்த ஆசாரி குடை பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அம்மா கம்மல் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தார். அப்பா மெல்ல இருமினார். (இந்த முறை சும்மா கவனத்தை ஈர்க்க.)

"அதான் வண்டி நிக்கிதுல்ல."

சேலைத் திரைகளை அவிழ்த்தோம். சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டோம். வேனுக்குள் முதல் தடவையாகக் காற்று வந்தது. நான் முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார, ஆறு மாதத்துக்குப் பிறகு பேத்தியைக் கையில் வாங்கிய அம்மா, என் மடியில் வைக்க மனமே இல்லாமல், முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். "மாமா, தலைய ஆடாமப் பிடிங்க" என்றார் ஆசாரி. முதல் காதுக்குக் குழந்தை வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு நானும் சேர்ந்து அழுதேன். தெருவே மாடியில் நின்று பார்த்தது. எல்லாம் முடிந்தபோது என் வேட்டி நனைந்திருந்தது. எங்கள் ஆர்.வி.யில் அந்த வசதியை முதலும் கடைசியுமாகப் பயன்படுத்தியவள் அவள்தான். வாளி வரைக்கும்கூடப் போகவில்லை.

இப்போது மச்சானுக்கு மதுரையிலேயே வேலை. அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு. இந்தக் கதையை அப்பா அவளுக்கு எத்தனை முறை சொன்னாரோ, வாசலில் மஞ்சள் வேன் வந்து நின்றால் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அதுல ஏறுனா காது குத்துவாக!" என்று கத்துகிறாள். வேன்காரர் வெறுத்துப்போய் விட்டுவிட்டார். ஆகவே தினமும் காலையில் பள்ளிக்கு அழைத்துப் போவது தாய்மாமன் வேலையாகிவிட்டது.

பைக்கை எடுத்ததும் முன்னால் உட்கார்ந்தபடி கேட்பாள்.

"மாமா, இப்ப எந்த ஊரு?"

"பரவை."

"இப்ப?"

"வாடிப்பட்டி. இறங்கணுமா?"

"வேணாம், நான் வீட்லயே போயிட்டேன்."

அவள் பள்ளிக்கூடம் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நாங்கள் தினமும் திண்டுக்கல் தாண்டித்தான் போகிறோம்.