ஸ்பீக்கரில் கேட்ட தாய்லாந்து மதிப்பெண்

மணி பத்து இருபது. எங்கள் தீவின் ஷாதிபூர்ப் பகுதியில் ஜெசிந்தா வீட்டு முன்னறைக் கதவு திறந்தபோது முதலில் தெரிந்தவை அவளுடைய பற்கள். நேர்காணல் முடிந்து சிரித்துக்கொண்டே வருபவரைப் பார்ப்பது, அடுத்து உள்ளே போகிறவனின் தைரியத்துக்கு நல்லதல்ல.

"டென்ஷன் மத் லேடா, பயப்படாத. நல்ல மனுசர்தான்" என்றாள். (நல்ல மனுசர் அவளுக்கு. எனக்கு?)

மெயின்லேண்டில் ஒரு பல்கலைக்கழகம். கடல் உயிரியல் முதுகலை. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். தொலைபேசியில்தான் கேள்வி கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவிலிருந்து நாங்கள் குடிவந்த பத்துபஸ்தி வீட்டில் போன் செத்துக் கிடந்ததால் அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே ரிசீவர் உடைந்திருந்தது. ஸ்பீக்கரில் மட்டுமே பேச முடியும்.

நான் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் தாய்லாந்தில் படித்தவன். அதே மாதங்களில் அவள் இங்கே அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கடற்கரையில் எடுத்த படங்களை அவளுக்கு அனுப்பிவைத்தேன். (பொறாமைப்படட்டும் என்றுதான்.) 'தீவுச் சூழலியல்' என்ற பாடத்தை எடுத்திருந்தேன். தீவிலேயே பிறந்தவனுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று வகுப்புக்குப் போகவில்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சீனியர் ஒருவன் சொன்னதை, பாடப் புத்தகத்தைவிட அதிகமாக நம்பினேன்.

பேராசிரியர் முதலில் அதைத்தான் பார்த்திருந்தார்.

"தீவுக்காரர்னு எழுதியிருக்கீங்க. தீவுச் சூழலியல்ல டி கிரேடு. என்ன ஆச்சு?"

மொழி புரியவில்லை என்றேன். பாடம் ஆங்கிலத்தில் என்று போட்டிருக்கிறதே என்றார்.

"சாப்பாடு ஒத்துக்கல சார்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தாவின் அம்மா: "மீனும் சோறுந்தானய்யா தின்ன? போட்டோல பாத்தமே."

ஸ்பீக்கர் அதையும் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பேராசிரியர் இது யார் வீடு என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்படியா? ஜெசிந்தாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அந்த நண்டு விஷயம் பாதியில நின்னுபோச்சு."

எனக்கு ஒதுக்கிய நேரத்தின் மீதியெல்லாம் நண்டுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் அம்மா கொண்டுவந்து வைத்த வறுத்த மீனைத் தின்றேன். அது நன்றாக ஒத்துக்கொண்டது. அவள் நன்றாகப் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

இடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு வந்த பதிலில் தாய்லாந்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களும் அதே கேள்வியைக் கேட்டன. மூன்றாவதுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.

எங்கள் வீட்டில் யார் எதில் கோட்டை விட்டாலும், தங்கை பைக் லைசென்ஸில் ஃபெயிலானாலும், அப்பா கப்பல் டிக்கெட்டைத் தவறவிட்டாலும், மற்றவர்கள் ஒரே குரலில் சொல்வது: "சாப்பாடு ஒத்துக்கல சார்."

ஜெசிந்தா இப்போது தாய்லாந்தில் தீவுச் சூழலியல் பாடம் நடத்துகிறாள். அவ்வப்போது கடற்கரையில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புகிறாள்.