வலப்பக்கம் சாயுங்க!

"கொழும்புக்குத் தனியா அனுப்பினா, மூணாம் நாள் விடியக்குள்ள அழுதுக்கிட்டு வந்து நிப்பாள்."

மாமி இதை அப்பாவிடம் சொன்னார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பதிவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அப்பாவை வளர்த்த அக்கா மாமி. அவர் தலையாட்டாமல் அப்பா வலையைக்கூட வாவியில் இறக்கமாட்டார்.

அந்தக் கிழமை செங்கலடிப் பக்கம் ஒரு கார்னிவல் வந்திருந்தது. நடுவில், மரச்சட்டங்களால் பாலம்போல் கட்டிய ரோலர் கோஸ்டர். என் துணிச்சலைக் காட்ட இதைவிட நல்ல இடம் உண்டா? (உண்டு. பேசாமல் பஞ்சுமிட்டாய் தின்றிருக்கலாம்.)

அப்பா ஒரு சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். தோணி வாங்கும்போதும் அப்படித்தான் தட்டுவார்.

"மரம் ஆடுதே புள்ள?"

"ஆடத்தான் வேணும் அப்பா. ஆடாட்டித்தான் முறியும். வளைவுல பெட்டி கவிழாது. பௌதிகவியல்ல அதுக்கு விதி இருக்கு" என்று, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

அப்பா என் பக்கத்தில் அமர்ந்தார். மாமி பின்னால். ("கீழ நிண்டா நீ அழுற சத்தம் கேக்காது. நானும் வாறன்.")

பெட்டி கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு, என் பதின்மூன்று வருடப் படிப்பு அங்கேயே நின்றுகொள்ள, நான் மட்டும் கீழே போனேன்.

முதல் வளைவில் உடம்பு இடப்பக்கம் இழுபட்டது. பௌதிகவியல் மாணவியைக் காணோம். தோணிக்காரரின் மகள்தான் மிச்சம்.

"கவிழப்போகுது! எல்லாரும் வலப்பக்கம் சாயுங்க!"

தோணி ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் சாயவேண்டும். நடக்கப் பழகுமுன் நாங்கள் பழகுவது அதைத்தான். அப்பா யோசிக்காமல் சாய்ந்தார். மாமி சாய்ந்தார். எல்லோரும் வாவிக்கரைச் சனம்தானே, மற்றப் பத்துப்பேரும் சாய்ந்தார்கள். "இப்ப இடப்பக்கம்!" என்றேன். அதற்கும் சாய்ந்தார்கள். கீழே நின்றவர்கள் இதுவும் சவாரியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்களாம்.

பெட்டி நின்றபின்னும் என்னால் எழ முடியவில்லை. வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவதுபோல், கம்பியிலிருந்து என் விரல்களை அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு செருப்பைக் காணவில்லை. ஏறாவூர்க் கடைக்காரர் ஒருவர் தேடிவந்து, "நீங்க சொல்லாட்டி கவிழ்ந்திருப்பம் தங்கச்சி" என்று மனதார நன்றி சொன்னார். என் பொறியியல் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, இவள் நல்லாப் பயந்துபோனாள்."

நான் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"மறுகா ஒரு சத்தம் போட்டாளே, முன்னப்பின்னத் தெரியாத சனமெல்லாம் சாஞ்சுது! நானும் சாஞ்சன். நான் ஆருட சொல்லுக்குச் சாஞ்சிருக்கன்? அனுப்பிவிடு. கொழும்புச் சனத்தையும் கொஞ்சம் சாய்க்கட்டும்."

இன்றைக்கும் எங்கள் வீட்டார் ஏறிய பஸ் ஒரு வளைவில் திரும்பினால், யாராவது ஒருவர் "வலப்பக்கம்!" என்று கத்தாமல் விடுவதில்லை. முன்பின் தெரியாத பயணிகள் சிலர் சாய்ந்தும் இருக்கிறார்கள்.

நான் இப்போது இறுதியாண்டு. போன திங்கட்கிழமை பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒரு கேளிக்கைப் பூங்காவில், காலையில் கதவு திறக்குமுன் சவாரிகளைப் பரிசோதிக்கும் வேலை. முதல் நாளே, வேறு ஆளில்லாத பெட்டியில், முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் சாயவில்லை. இரண்டாவதில், கொஞ்சம்.