என் மகளின் பிரேசும் என் முதுகும்

லின்ஃபீல்ட், ஓக்லாந்து
ஞாயிறு பின்னேரம்

என்றும் மதிப்புக்குரிய செல்வநாயகி அக்காவுக்கு,

உங்கள் தம்பி பிரதாபன் பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் சீனி வருத்தமும் ஸ்காபரோக் குளிருக்கு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகந்தினியும் பிரணவியும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுத வந்த பேனை கொஞ்சம் தயங்குகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தரிக்காய் வெட்டுகிற ஆள். போன மாதம் என் கொலஸ்ட்ரோலை உங்களுக்கு மட்டும் சொன்னேன். மறுநாள் லண்டனில் இருந்து மூன்று பேர் கூப்பிட்டு எனக்கு முட்டையை நிறுத்தினார்கள். ஆகையால் இதைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக வாசிக்கவும்.

முதலில் என் மானம் போன கதை. பிரணவியின் முள்ளந்தண்டு இருபத்தெட்டுப் பாகை வளைந்திருப்பதும், அதற்கு ஒரு பிரேஸ் கொடுத்து நாளுக்கு இருபது மணித்தியாலம் போடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அக்குளில் இருந்து இடுப்பு வரை வெள்ளைப் பிளாஸ்ரிக், முதுகுப் பக்கம் மூன்று பட்டி. பிள்ளை அதில் மினுங்குகிற ஒற்றைக்கொம்புக் குதிரை ஸ்டிக்கர்கள் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் நான் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் வயிற்றை உள்ளே அனுப்பிவிட்டு, பட்டியைக் குசினி லாச்சிப் பிடியில் கொழுவி ஒரு இழுவை இழுத்தேன். பூட்டிக்கொண்டது. கழற்றத்தான் கை எட்டவில்லை. குனியவும் முடியாது, தும்மவும் முடியாது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்த் தண்டபாணி கறிவேப்பிலையோடு பின்கதவால் வந்து நிற்கிறார்.

"என்ன பிரதாபன் சார், ஆமை மாதிரி நிக்கறீங்க?"

டொக்டர் பிள்ளையின் முதுகு வருத்தத்தைச் சொன்ன அன்று நீங்கள் போனில் போட்ட கட்டளை என் காதில் கேட்டது அக்கா. "டேய், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. நாளைக்கு அவளைக் கேட்டு வாறவன் முதுகைத்தான் முதல் விசாரிப்பான்." பதினைந்து வயதுப் பிள்ளையை யார் கேட்டு வருகிறான்? ஆனாலும் தமக்கை சொல் தட்டாதவன் நான். "எனக்குத்தான் முதுகு சரியில்லை தண்டபாணி. டொக்டர் தந்தவர்" என்றேன். மனுசன் குதிரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஸ்டிக்கர் நல்லா இருக்குங்க" என்றார். பிறகு, "ஆனா லூசா இருக்கே சார்" என்று பட்டியை இன்னும் இரண்டு விரல்கடை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். பிரணவி தலையில் துவாயோடு வந்தாள். "அப்பா! வை ஆர் யூ இன் மை பிரேஸ்?" என்றாள். "பட்டி சரியா இருக்கோ எண்டு பாத்தனான்" என்று சொல்லி விடுதலை பெற்றேன்.

அதோடு போச்சா? அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போனால், தண்டபாணி எல்லாருக்கும் சொல்லிவைத்து, எனக்கென்று ஒரு கதிரை. ஒரு அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் தருகிறா. இன்னொருவர் தான் குணமான கதையை என்னைப் படுக்கவைத்துச் சொல்ல நிற்கிறார். ஒனிஹங்காவில் நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான், என்னை அரிசிப் பை தூக்க விடுகிறார்கள் இல்லை. பதினொரு வருடமாகத் திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவுகிறவன், வாகனத் தண்டில் முன்பக்கம் இடது கொம்பு என்னுடையது. இந்த முறை என்னைச் செருப்புக் காவலுக்கு இருத்தினார்கள் அக்கா! சுவாமி என்னைத் தாண்டிப் போகிறார், நான் இருநூறு சோடிச் செருப்போடு எழும்பிக் கும்பிடுகிறேன். என் கொம்பு யார் தோளில்? தண்டபாணியின் தோளில்.

இனி இந்தச் சியர்லீடிங். பள்ளிக்கூட அணியில் சேரப் போகிறேன் என்று பிள்ளை வந்தபோது, குஞ்சத்தைக் கையில் பிடித்து ஆட்டுகிற வேலை என்றுதான் நான் தலையாட்டினேன். பிறகல்லவா தெரிந்தது, ஆளை ஆள் தூக்கி மேலே எறிகிறார்கள். எறியப்படுகிறவளாவது காற்றில் நோகாமல் போய் வருவாள். எங்கள் வீட்டுப் பிள்ளை கீழே நின்று தாங்குகிறவள்! உலகத்தில் நேரான முதுகுகளுக்குப் பஞ்சமா? முதுகு வளைந்தவளைக் கீழே நிறுத்தி மேலே ஒருத்தியை ஏற்றுகிறார்கள். ஏறுகிறவள் யார்? தண்டபாணியின் மகள் தாரிணி. அப்பன் என் கொம்பில், மகள் என் பிள்ளையின் கையில். நியாயமா இது?

சேருகிற படிவத்தில் 'ஏதாவது மருத்துவப் பிரச்சினை உண்டா' என்று ஒரு பெட்டி. உங்கள் கட்டளைப்படி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். போட்டிக்கு மூன்று கிழமை இருக்க, பிள்ளை உடுப்பு மாற்றும் அறையில் பிரேஸைக் கழற்றுவதைக் கோச் பார்த்துவிட்டா. என்னைக் கூப்பிட்டுப் படிவத்தைக் காட்டினா. வெள்ளைக்காரப் பெண், உங்கள் மூத்த மகளின் வயதுகூட இராது. நான் கள்ளச் சீட்டோடு பிடிபட்ட பெடியன்போல் நின்றேன். நிபுணரிடம் கடிதம் வரும்வரை பிரணவி ஒருவரையும் தூக்கக்கூடாது, கடிதம் பிந்தினால் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டா.

காருக்குள் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "ஐ ஆம் நாட் அஷேம்ட், அப்பா. யூ ஆர்" என்றாள், அவ்வளவுதான். பிறகு ஆறு நாள் என்னோடு கதை இல்லை. "அம்மா, அப்பாட்டை உப்பைத் தரச் சொல்லுங்கோ" என்கிறாள், உப்பு எனக்கு முன்னால். அந்த ஒரு வசனத்துக்குத்தான் வீட்டில் தமிழ்.

"உங்கட அக்காவே வந்து கடிதம் எடுத்துத் தரப்போறா? எழும்புங்கோ" என்று சுகந்தினி கலைத்தாள். நிபுணரிடம் ஓடினேன். அவர் பிள்ளையைக் குனிய வைத்து, நிமிர வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்தார். தூக்கலாம், பாயலாம், முதுகுத் தசைக்கு நல்லது, நொந்தால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், விளையாட்டு முடிந்ததும் பிரேஸ் திரும்ப ஏற வேண்டும் என்றார். "இவளைச் சும்மா இருத்தி வைத்தால்தான் எனக்குக் கவலை" என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்! கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, கோச்சுக்கு முன்னால் என் கையாலேயே 'இல்லை'யை வெட்டி 'ஆம்' என்று எழுதினேன்.

நேற்றுத்தான் போட்டி. பிரேஸைச் சுகந்தினியின் சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தண்டபாணி பக்கத்தில் வந்து இருந்தார். சால்வை வழுக்கியது, குதிரைகள் வெளியே வந்தன.

"கழட்டி மடியில வச்சிருக்கீங்களே சார்! ரெண்டு மணி நேரம் இந்தப் பலகைல உக்காரணும். போடுங்க."

"வேண்டாம் தண்டபாணி."

"கைய விடுங்க சார். உடம்பு விஷயத்துல கூச்சம் பாக்கலாமா?"

சுகந்தினி மற்றப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். இவர் எனக்கு ஒரு பட்டியைப் பூட்டி முடிக்கவும் பாட்டுத் தொடங்கவும் சரியாக இருந்தது. தாரிணி மேலே ஏறினாள். ஒரு காலைத் தூக்கினாள். அந்த நேரம் பின்னால் பிடித்த வேறொரு பிள்ளையின் கை வழுக்கியது அக்கா. தாரிணி எங்கள் பக்கமாகச் சரிகிறாள். தண்டபாணி என் கையைப் பிடித்த பிடியில் நகம் ஏறியது. பிரணவி ஒரு அடி எடுத்து வைத்து, அவளுடைய பாரம் முழுவதையும் தன் மேலே வாங்கி நிமிர்ந்தாள். தாரிணி விழவில்லை. நான் பிரேசுக்குள் மூச்சு விட முடியாமல் இருந்தேன்.

ஐந்து அணியில் நாலாவது இடம். அதற்கு உலகத்தையே வென்ற கூச்சல். பிரணவி வேர்க்க வேர்க்கப் படியேறி வந்து என் முன்னால் நின்றாள். "அப்பா, மை பிரேஸ். அகெய்ன்?"

தண்டபாணி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "பாப்பா, இது உன்னோடதா?"

"யெஸ் அங்கிள். இட்ஸ் மைன். ஹி ஜஸ்ட் ஸ்டீல்ஸ் இட்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சுகந்தினி என்னிடம் இருந்து கழற்றி அவளுக்குப் பூட்டினாள்.

"இந்த முதுகா எம்பொண்ணத் தாங்குச்சு?" என்றார் அந்த மனுசன், மெல்ல. கண் கலங்கிவிட்டது. அடுத்த கணம் என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க முதுகு நல்லாத்தான் இருக்குதா? பத்து நாளும் உங்க எடத்துல சாமி தூக்குனவன் நானுங்க! தோளு இன்னும் இறங்கல! நீங்க செருப்புக்குப் பக்கத்துல உக்காந்து வடை தின்னீங்க!"

ஆகவே அக்கா, இவ்வளவும் பட்டபின் என் முடிவு இது. இந்த வருடத்தோடு சியர்லீடிங்குக்கு முழுக்கு. வருகிற வருடம் பிள்ளையை வீணைக்கு விடுகிறேன், இருந்த இடத்தில் இருக்கிற கலை. முதுகு விசயம் இனியும் உங்களோடு இருக்கட்டும், அத்தானுக்குக்கூட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கத்தையும் சின்னதுகளுக்கு எங்கள் முத்தங்களையும் கொடுங்கள். உங்கள் முழங்காலுக்கு அந்த உள்ளி எண்ணெயை அனுப்புகிறேன், இங்கே ஐந்து போத்தல் சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்டுக் கெட்ட தம்பி,
பிரதாபன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிரணவி வருகிற வருடப் படிவத்தோடு வந்தாள். கையெழுத்து வைத்துவிட்டேன். மருத்துவப் பெட்டியில் எல்லாவற்றையும் எழுதினேன், இடம் காணாமல் இன்னொரு தாளும் இணைத்தேன். தாரிணி விழாததையும் எழுதினேன், அதை அவர்கள் கேட்கவில்லை. ஆகவே வீணையை மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை ஸ்பீக்கரில் போட்டே வாசியுங்கள், லண்டனுக்கும் கேட்கட்டும். எத்தனை பாகை என்று கேட்டால் இருபத்தெட்டு.

நேற்றுத் திரும்பி வரும்போது பிள்ளை மறுபடி கேட்டாள், அன்றைக்கு அதை உண்மையில் ஏன் போட்டீர்கள் என்று. பட்டி பார்க்கத்தான் என்றேன். ஏழு மாதமாக ஒரு நாளாவது நோகிறது என்று அவள் சொன்னதில்லை. நோகிறதா என்று நானும் கேட்டதில்லை. கேட்கப் பயந்துதான் அக்கா போட்டுப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

நோகுது அக்கா.