இருநூற்றி ரெண்டும் விதைநெல்லும்

இந்தப் போகம் நான் ஒரு தீர்மானம் எடுத்தனான். மத்தியான நித்திரையை இனி ஆருக்கும் விட்டுக்குடுக்கிறேல்லை.

அக்கராயன் குளத்துக் காத்து மத்தியானத்தில எங்கட விறாந்தைக்கு வரும். சாய்மனைக் கதிரையில சாஞ்சால் மேகம் போற பக்கம் நானும் மெல்லப் போவன். வீட்டிலயிருந்தே இணையத்தளங்களுக்குக் காவல் பாக்கிறதுதான் என்ர வேலை. தளம் படுத்தால் கணினி கத்தும். மற்றபடி நானும் படுக்கலாம். மனிசி சாரங்காவுக்குத்தான் அது பொறுக்காது. ரோட்டுக் கரையில விதைநெல் காயுது. மாடு கலைக்கோணும், காலால துழாவிவிடோணும்.

ஆனபடியால் அவாக்கு என்ர தொழிலைப் படிப்பிச்சன். கேட்டதுக்கு சேர்வர், அதுதான் தளம் இருக்கிற கணினி, மூண்டு இலக்கத்தில மறுமொழி சொல்லும். 200 எண்டால் வேலை முடிஞ்சுது. 404 எண்டால் கேட்ட சாமான் இல்லை. 302 எண்டால் தற்காலிகமா இடம் மாறியிருக்கு. நானும் இனி இப்பிடித்தான் சொல்லுவன் எண்டன். முதல் தரம் மாடு கலைக்கச் சொன்னோடன 202 எண்டன், அது என்னெண்டு கேட்டா. அது 200இன்ர தம்பி, ரெண்டும் ஒண்டுதான் எண்டு மழுப்பிப்போட்டன்.

உண்மையில 202 எண்டால், நீ சொன்னது காதில விழுந்தது, செய்யிறது பிறகு, சிலவேளை செய்யாமலும் விடுவன். புருசன்மாருக்கெண்டே ஆரோ புண்ணியவான் கண்டுபிடிச்ச இலக்கம்.

ஒரு கிழமை சொர்க்கம். மாடு கலைக்கிறீங்களோ எண்டால் 202. துழாவிவிடுறீங்களோ எண்டால் 202. அவா தானே ரோட்டில போய் இருந்திடுவா.

புதன்கிழமை அவா கிளிநொச்சிக்குப் போனா. ரெண்டு மணிக்குப் போனில செய்தி வந்துது. வானம் இருட்டுது, நெல்லை அள்ளிப் படங்கால மூடுங்கோ, அடுத்த போகத்துக்கு எங்களுக்கு வேற விதை இல்லை. 202 எண்டு அனுப்பினன். ஐஞ்சு நிமிசம் கண்ணை மூடிப்போட்டு எழும்புவம் எண்டுதான் நினைச்சனான். கதிரையோட நான் குளத்தில மிதக்கிறன். தாமரை இலையெல்லாம் இலக்கங்கள். எங்கயோ நெல் கொட்டுற சத்தம், கேக்க நல்ல சுகமாக் கிடந்துது.

முழிச்சால் மழை. ஓடிப்போய்ப் பாத்தால் ரோட்டில ஒரு மணி நெல் இல்லை. வெள்ளம் அள்ளிக்கொண்டு போட்டுது எண்டு நடு ரோட்டில நிண்டு உண்மையா அழுதனான். பிறகு போன் எடுத்தன்.

"சாரங்கா, கோவிக்காதையும். நெல்லைக் காணேல்லை. 404."

"404 இல்லையப்பா, 302. முன்வீட்டுச் சிவனேஸ்வரி அக்கா வீட்டில நனையாமல் இருக்கு. நீங்கள் 202 எண்டு அனுப்பின கையோட அவாவைப் போனில கூப்பிட்டு அள்ளுவிச்சனான்."

"202 எண்டால் என்னெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஒரு கிழமையா ரோட்டில இருந்து மாடு கலைச்சது ஆர்? சும்மா இருக்கேக்க போனில எல்லா இலக்கத்தையும் வாசிச்சனான்."

போன உயிர் திரும்பி வந்துது. வெக்கமும் கூடவே வந்துது. பின்னேரம் அவா வந்தோடன, பசிக்குது எண்டு பணிவாச் சொன்னன். குசினிக்குள்ள போய் நேற்றையப் புட்டைக் கொண்டுவந்து முன்னால வைச்சா.

"304," எண்டா. "நேற்றையில இருந்து ஆளில மாற்றமில்லை. பழசே உங்களுக்குக் காணும்."